ரோஸி காட்டன் குறிப்பில் நான் வெட்டிய வரி

அந்த வரியை வெட்டியது சரிதான் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அதை எழுதிய பெண் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில், முக்கியப் பாத்திரமான சாம் காம்ஜியை மணக்கும் ரோஸி ஓரிரு இடங்களில் வருகிறவள்தான். இருந்தும் அவளுக்கு ஒரு முழுக் குடும்பம் உண்டு. அப்பா பைவாட்டர் விவசாயி டோல்மன் காட்டன், அம்மா லில்லி பிரவுன், சகோதரர்கள் டாம், ஜாலி, நிக், நிப்ஸ். குடும்பப் பெயர்கூடப் பஞ்சிலிருந்து வந்ததில்லை. மலைச்சரிவில் இரண்டறை வீடுகள் சில சேர்ந்த சிற்றூரின் பெயர் அது என்று நூலின் பிற்சேர்க்கை சொல்கிறது. எங்கள் கதாபாத்திர அகராதிக்காக இதையெல்லாம் அந்தப் பெண் அழகாகச் சுருக்கியிருந்தாள்.

கடைசியில் ஒரு வரி: 'காம்ஜி என்றால் பர்மிங்ஹாமில் பஞ்சு, அதனால்தான் சாம் காம்ஜியோடு காட்டன் வீட்டுக்கு உறவு.'

சாம்ப்சன் காம்ஜி என்ற பர்மிங்ஹாம் அறுவை மருத்துவர் 1880இல் பஞ்சு வைத்த காயக்கட்டை உருவாக்கினார். டோல்கீன் சிறுவனாக வளர்ந்ததும் அந்த ஊரில்தான். ஆனால் 1955இல் அச்சான பிற்சேர்க்கையில், இந்த இரண்டு பெயர்களையும் இணைத்து வேடிக்கை செய்யும் எண்ணம் இல்லை என்று அவரே மறுக்கிறார். அதைக் காட்டித்தான் வெட்டினேன்.

அவள் டோல்கீனின் 1964ஆம் ஆண்டுக் கடிதத்தோடு வந்து நின்றாள். "சார், இதுல அவரே ஒத்துக்கிறாரே?"

"நமக்குப் புத்தகத்துல இருக்கிறதுதான் ஆதாரம்மா. கடிதம் பல வருஷம் கழிச்சு எழுதினது."

"அப்போ எந்த டோல்கீனை நம்பணும் சார்?"

இடமில்லை என்றேன். இடமும் இல்லைதான்.

யோசித்தால், பிற்சேர்க்கையில் பேசுகிறவர் ஹாபிட்களின், அதாவது ரோஸி, சாம் போன்ற குள்ள இனத்தவரின், பழைய ஏட்டை மொழிபெயர்ப்பவராக வேடம் போட்ட டோல்கீன். பர்மிங்ஹாம் பஞ்சை அங்கே அவர் ஒத்துக்கொள்ளவே முடியாது. கடிதத்தில் வேடமில்லை. அப்படியானால் நான் நம்பியது வேடத்தையா? ஆனால் நாங்கள் எழுதியது ரோஸியைப் பற்றி. அவள் உலகத்தில் பர்மிங்ஹாம் கிடையாது. இந்த வாதம் எனக்குப் போதுமானதாகவே இருந்திருக்கும், சாமின் குறிப்பில் அதே மருத்துவரை நானே விட்டுவைத்திருக்காவிட்டால். சாமுக்கு முழுப் பக்கம் இருந்தது.

இப்போது மறுபதிப்புக்குத் திருத்தம் கேட்கிறார்கள். அந்த வரியைச் சேர்ப்பதென்றால் கூடவே பிற்சேர்க்கையின் மறுப்பையும் சொல்லியாக வேண்டும். அதற்கு ரோஸியின் சகோதரர்கள் நால்வரையும் எடுக்க வேண்டும். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை.