குரூப் 4 கலந்தாய்வு: விஏஓ எடுக்கும் முன் போட வேண்டிய சம்பளக் கணக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 2024 குரூப் 4 தேர்வு முடிவு அக்டோபர் 28-ஆம் தேதி வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு எல்லாம் முடிந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பணியிடம் எடுத்திருக்கிறேன். எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். தருமபுரி மாவட்ட இடங்கள் என் தரவரிசைக்கு முன்னாலேயே போய்விட்டன. முதல் அறிவிக்கையில் விஏஓ பணியிடமே மாநிலம் முழுக்க 108 தான் என்பதால், கிருஷ்ணகிரி கிடைத்ததே பெரிய நிம்மதி.

எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களை விட, "கையில எவ்ளோ வரும் பாப்பா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்பாவும் அதைத்தான் முதலில் கேட்டார். அதில் தப்பே இல்லை. நிலத்தில் போட்ட காசு திரும்புமா திரும்பாதா என்று தக்காளி மண்டியில் நின்று பார்த்தவருக்கு மாதச் சம்பளத்தின் அருமை தெரியும். நம் பக்கத்துப் பயிற்சி மையம் ஒன்றில், சேர்ந்த மாதமே கையில் 40,000 என்று வகுப்பிலேயே சொன்னார்கள். அதை நம்பி ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணை எனக்குத் தெரியும். வீட்டை நம்பவைத்துப் படிக்க வருகிற பிள்ளைகளிடம் இப்படிப் பேசுவதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கணக்கு இதுதான். விஏஓ, இளநிலை உதவியாளர், தட்டச்சர், வரித்தண்டலர், நில அளவர் எல்லாமே அரசு ஊதிய அட்டவணையில் நிலை 8. அடிப்படை ஊதியம் 19,500. அகவிலைப்படி 2024 ஜூலைக் கணக்கில் 53 சதவீதமாக இருந்தது, அதாவது 10,335; பிறகு ஏறியிருக்கிறது. மருத்துவப்படி 300. ஆக 30,135. இதன் மேல் வீட்டு வாடகைப்படி. பிடித்தம் என்று பார்த்தால் சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பத்து சதவீதம். அது அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை மேல் என்பதால் 2,984 ஆகிறது. மருத்துவக் காப்பீட்டுக்கு 300, குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு 110. மீதி 26,741. இதோடு உங்கள் ஊருக்கான வாடகைப்படியைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குப் போகும். கிராமத்தில் இருக்கப்போகிற விஏஓவுக்கு 40,000 எந்த வழியிலும் வராது.

இந்தத் தொகையைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் இதை மட்டும் பார்த்துப் பதவியை எடுக்கவும் வேண்டாம். நான் முழு நம்பிக்கையோடு சொல்வது ஒன்றே ஒன்று: ஊதிய அட்டவணையில் நிலை 10-க்கும் நிலை 11-க்கும் நடுவில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். நிலை 8 19,500. நிலை 9 20,000. நிலை 10 20,600. அடுத்த நிலை 11 நேராக 35,400. எட்டிலிருந்து பத்துக்குப் பதவி உயர்வு என்றால் தொடக்க ஊதியத்திலும் அந்த 53 சதவீத அகவிலைப்படியிலும் கூடுவது 1,683 ரூபாய். பத்திலிருந்து பதினொன்றுக்கு 22,644 ரூபாய். நம் வாழ்நாள் சம்பளத்தை முடிவு செய்வது இந்த ஒரு கோடுதான். எந்தப் பதவி எடுத்தால் இந்தக் கோட்டை எத்தனை ஆண்டில் தாண்டலாம் என்பதுதான் கலந்தாய்வு அறைக்குள் மனதில் இருக்க வேண்டிய கேள்வி.

பெயரில் ஆய்வாளர் என்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அரசுச் சொத்தைப் பார்த்து, அளந்து, பதிந்து, காக்கும் வேலை பல பதவிகளில் பரவிக் கிடக்கிறது. கிராமத்தில் ஏரிப் புறம்போக்கும் பாதைப் புறம்போக்கும் விஏஓ பொறுப்பு. நில விவரம் இருக்கும் ஏ பதிவேடும், பயிர்க் கணக்கு இருக்கும் அடங்கலும் அவர் கையில். அவருக்கு மேலே, பல கிராமங்கள் சேர்ந்த பிர்கா அளவில் வருவாய் ஆய்வாளர். வருவாய்த் துறை உதவியாளர் வரிசையில் இருப்பவர்தான் அந்த இருக்கைக்குப் போகிறார். அது நிலை 10, கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அங்கே வேலை பார்த்திருந்தால்தான் துணை வட்டாட்சியர் ஆக முடியும். அந்தப் பதவி கோட்டுக்கு மேலே. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் உதவி ஆய்வாளர், நகராட்சி, ஊராட்சிகளின் இருப்புப் பதிவேட்டையும் சொத்துப் பதிவேட்டையும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர். அவர் குரூப் 2 வழியாக வருகிறார், தொடக்கமே 35,000-க்கு மேல். இரண்டு பேருமே ஆய்வாளர்தான், சம்பளம் வேறு.

மத்திய அரசு ஆய்வாளரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: எஸ்எஸ்சி சிஜிஎல் என்ற மத்திய அரசுப் பட்டதாரித் தேர்வு வழி வரும் இன்ஸ்பெக்டர்கள் மத்திய அட்டவணையில் நிலை 7, தொடக்கம் 44,900. நிலை எண்ணை வைத்து நம்மோடு ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு அட்டவணை. அங்கே வாடகைப்படி அடிப்படை ஊதியத்தில் 30, 20, 10 சதவீதம் என்று ஊரைப் பொறுத்து. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. அடிப்படை ஊதியம் எந்த அடுக்கில் விழுகிறது, ஊர் எந்த வகை என்று பார்த்து ஒரு நிலையான தொகை. சென்னையும் சுற்றுப்புறமும் முதலில், கோவை, மதுரை, சேலம் மாதிரி ஊர்கள் அடுத்து, அப்புறம் மற்ற நகரங்கள், கடைசியில் வகைப்படுத்தாத கிராமங்கள். உங்கள் தெருவில் வாடகை ஏறினாலும் அட்டவணை ஏறாது. ஓசூரில் இடம் எடுக்க நினைப்பவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் கொடுக்கும் வாடகையோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். விஏஓ தன் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி, அதனால் வாடகைப்படி குறைவு, வாடகையும் குறைவு. எனக்கு அது சரியாகவே பட்டது.

சம்பளத்தை ஏற்றி இறக்கும் மற்றவை:

ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம். 19,500 அடுத்த ஆண்டு 20,100 ஆகும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தேதிகள். எந்தக் காலாண்டில் சேர்கிறோமோ அதைப் பொறுத்தது. பணி நியமன ஆணை கைக்கு வந்தால் நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளமில்லா விடுப்பு. மருத்துவக் காரணம் இல்லாமல் எடுத்தால் ஊதிய உயர்வுத் தேதியே தள்ளிப்போகும். குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்க நீண்ட விடுப்பு எடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துறைத் தேர்வுகள். மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரு முறை தேர்வாணையமே நடத்துகிறது. வருவாய்த் துறை இளநிலை உதவியாளர் என்றால் வருவாய்த் தேர்வுகள், மாவட்ட அலுவலக நடைமுறைத் தேர்வு, கணக்குத் தேர்வு. பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சியும் உண்டு. இவற்றை முடிக்காதவரைத் தாண்டி, அவருக்குப் பிறகு சேர்ந்தவர் முன்னால் போவார். ஒரே நாளில் சேர்ந்த இருவருக்கு 15 ஆண்டு கழித்து இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது.

10 ஆண்டு ஒரே பதவியில் இருந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு இருந்தால் சிறப்பு நிலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊதிய உயர்வு சேர்த்துக் கிடைக்கும். பதவி உயர்வு தாமதமாகும் துறைகளில் இது ஒரு ஆறுதல், அவ்வளவே. கோட்டைத் தாண்டுவதற்கு ஈடாகாது.

பொங்கல் போனஸ் 3,000. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்குவது 2020-இல் கொரோனாவோடு நிறுத்தப்பட்டிருந்தது, 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது.  2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த அண்ணன்கள் சொல்லும் ஓய்வூதியக் கணக்கை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, இதை எந்த வகுப்பிலும் சொல்லக் கேட்டதில்லை. அரசுச் சொத்து நம் பொறுப்பில் இருக்கும் வேலையில், சொத்துக்கு வரும் இழப்பு நம் சம்பளத்தைத் தொடும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ), 17(ஆ) என்று இரண்டு வகைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகள். தண்டனைப் பட்டியலில் ஊதிய உயர்வு நிறுத்தம் உண்டு, அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சம்பளத்தில் பிடிப்பதும் உண்டு. ஊதிய உயர்வை ஓராண்டுக்கு நிறுத்தினார்கள் என்றால் அது திரண்ட பலனுடனா, இல்லாமலா என்று பார்க்க வேண்டும். திரண்ட பலனுடன் என்றால் அந்த 3 சதவீதம் ஓய்வு பெறும் வரை நம்மோடு வராது. அதனால் பொறுப்பு ஏற்கும் நாளில் கணக்குகளையும் பொருட்களையும் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இல்லாததை இல்லை என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாம் இருக்குதுங்க மேடம், சும்மா போடுங்க" என்று யார் சொன்னாலும் போடக் கூடாது. புறம்போக்கில் புதிதாக வேலி விழுந்தால் பி மெமோ (ஆக்கிரமிப்பு பற்றிய அறிக்கை) எழுதி மேலே அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத் தேர்வுக்காக ஒரு வரியில் படித்திருப்போம். விஏஓ எடுப்பவர்கள் பிரிவு 6, 7 இரண்டையும் முழுதாகப் படியுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் வருவாய்த் துறை இளநிலை உதவியாளரை எடுக்கவில்லை? ஏணி அங்கேதான் தெளிவாக இருக்கிறது. விஏஓவுக்கும் உதவியாளர் பதவி உயர்வு உண்டு, ஆனால் ஒதுக்கீட்டுப் பங்கையும் மாவட்ட முதுநிலையையும் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் ஏரி வாய்க்கால் கண் முன்னால் சுருங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும் வேலைதான் வேண்டும் என்று மனது சொன்னது. மேசையில் கோப்பு பார்ப்பது பிடிக்கும் என்பவர்கள் யோசிக்காமல் வருவாய்த் துறை இளநிலை உதவியாளரை எடுங்கள். எனக்குக் கோட்டைத் தாண்ட இன்னொரு வழி இருக்கிறது: வேலையில் இருந்துகொண்டே குரூப் 2 எழுதப்போகிறேன், உள்ளாட்சி நிதித் தணிக்கையை முதல் விருப்பமாக வைத்து.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. இந்தத் தரவரிசை எனக்குக் கணக்கால் வந்தது.

- 25 கணக்குக் கேள்விகளையும் முதலில் போட்டேன். 9:30 மணிக்கு மூளை தெளிவாக இருக்கிறது, 12 மணிக்கு இருப்பதில்லை. தமிழ் 100 கேள்வியைக் களைப்பிலும் போடலாம். வட்டி, வேலை-நேரக் கணக்கை முடியாது.
- தமிழில் 60 எடுத்தால் தகுதி என்று நிற்காதீர்கள். 150-க்கு 140-க்கு மேல் எடுப்பவர்களோடுதான் போட்டி.
- பள்ளிப் புத்தகம் தவிர வேறு எதையும் தமிழுக்கு வாங்க வேண்டாம்.
- தெரியாத கேள்விக்கு, விடை தெரியவில்லை என்பதற்கான ஈ வட்டம். வெறுமையாக விடக் கூடாது.
- தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழை முடிவு வரும் முன்பே வாங்குங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்கிறார்கள். தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் வேறு என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களையும் பார்க்க வேண்டும், விடுமுறையில் யாரும் இருக்க மாட்டார்கள். 20 சதவீத இடம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது.
- தருமபுரி வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். மாதிரித் தேர்வுக்காகவாவது போங்கள்.

கலந்தாய்வுக்கு ஒரே ஒரு தாள் கொண்டு போனேன். இடப்பக்கம் துறைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டம்: நிலை, ஊரின் வாடகைப்படி வகை, அடுத்த பதவி, கோட்டைத் தாண்டும் பதவி. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் துறைகளை முதல் நாளே அடித்துவிட்டேன். சென்னைத் தேர்வாணைய அலுவலகத்தில் திரை முன்னால் உட்கார்ந்தவுடன் நமக்கு முன்னால் போனவர் எடுத்த இடம் குறைந்திருக்கும்; அங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. பக்கத்தில் இருந்த ஒரு தம்பி, பெயர் நன்றாக இருக்கிறது என்று ஒரு சிறிய துறையை எடுத்தான். மேலே இரண்டே பணியிடங்கள் உள்ள துறை அது. வெளியே வந்த பிறகுதான் கேட்டான், "அக்கா, இதுல பிரமோஷன் எப்டிங்க?"

சேரப்போகிறவர்களுக்கு: முதல் மாதச் சம்பளம் முதல் மாதமே வரும் என்று நினைக்காதீர்கள். ஓய்வூதியத் திட்ட எண் வாங்க வேண்டும், அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் உங்கள் பெயர் ஏற வேண்டும், பட்டியல் கருவூலம் போக வேண்டும். நிலுவை சேர்ந்துதான் வரும், போகாது. இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். இந்த நேரத்தில் வங்கிக்காரர் சம்பளக் கடன் என்று வருவார், முதல் ஊதியச் சீட்டைக் கையில் பார்க்கும் வரை எதிலும் கையெழுத்து வேண்டாம்.