ரீபூட் செய்தாலும் நிற்க வேண்டும்: ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு அனுபவம்

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் சிஸ்டம் அட்மின் சான்றிதழ் தேர்வுக்கு ஆர்எச்சிஎஸ்ஏ என்று பெயர். தேர்வு எண் இஎக்ஸ்200. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையே இதில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் இயந்திரங்களைக் கையில் கொடுத்து, இன்னின்னதைச் செய்து வை என்று ஒரு பட்டியல் தருவார்கள். நேரம் 3 மணி. மொத்தம் 300 மதிப்பெண், 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் இல்லை, சொந்தக் குறிப்புகள் இல்லை. இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்களும் (கட்டளைகளின் கையேடு) ஆவணங்களும் மட்டும்தான் துணை.

நாம் எந்தக் கட்டளையை அடித்தோம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ரீபூட்டுக்குப் பிறகு இயந்திரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். இந்த ஒரு விதிக்காகவே இந்தத் தேர்வை நான் மதிக்கிறேன். வேலையிலும் அப்படித்தானே? பகலில் சரிசெய்த சர்வர், இரவு பேட்ச் போட்டு ரீபூட் ஆனதும் பழைய கோளாறோடு எழுந்தால் அதைச் சரிசெய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேர்வில் வந்த கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். பாடத்திட்டம் பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். நான் எப்படித் தயாரானேன், எது உண்மையில் கைகொடுத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. என் லேப்டாப்பில் கேவிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளைப் போட்டு, ரெட் ஹேட் லினக்ஸோடு ஒத்துப்போகும் ராக்கி லினக்ஸ் 9-இல் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கு 2 ஜிபி மெமரி போதும். ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு காலி டிஸ்க் சேர்த்துவிட்டால் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்தும் சேர்த்தும் கையாளும் முறை), ஸ்வாப் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) எல்லாம் பழகலாம். அசல் ரெட் ஹேட் லினக்ஸே வேண்டும் என்றால் டெவலப்பர் சந்தா இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் பாடத்திட்டத்தை வரிசையாகப் படித்து, கட்டளைகளை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓடியது. எங்கள் டீமில் ஒரு சீனியர் அண்ணன், பழைய யூனிக்ஸ் வகையான சோலாரிஸ் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர், அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒழுங்கா ஓடுற மெஷின்ல என்னத்தக் கத்துப்ப? என்கிட்ட ரூட் பாஸ்வேர்டைக் குடு, நான் உடைச்சு வைக்கிறேன்" என்றார். ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு. அன்றிலிருந்து வாரக் கடைசிகளில் அதுதான் வேலை. அவர் உடைப்பார், நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நிபந்தனை, பிரவுசரைத் திறக்கக் கூடாது. "மெஷின் என்ன சொல்லுதுன்னு முதல்ல படி" என்பார்.

அவர் முதலில் வைத்த கோளாறு, டிஸ்க் நிரம்பியது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்கிறது. கோப்புகளின் அளவைக் காட்டும் டியூ கட்டளையைப் போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி இடம் எங்கே போனது? ஒரு சர்வீஸ் லாக் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை அழித்திருந்தார். யூனிக்ஸில் ஆர்எம் கட்டளை அழிப்பது பெயரைத்தான். அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதை விடும்வரை டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்காது. டியூ பெயர்களைத் தேடிக் கூட்டுகிறது, டிஎஃப் கோப்பு முறைமையையே கேட்கிறது. அதனால்தான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தெரிவோடு ஓட்டினால், பெயர் போய்விட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே மாதிரி ஒன்று. 'டிவைஸில் இடமில்லை' என்ற அதே செய்தி, ஆனால் டிஎஃப் பாதிக்கு மேல் காலி என்கிறது. இந்த முறை டிஎஃப் கட்டளையை -ஐ என்ற தெரிவோடு ஓட்டினேன். ஐநோடுகள், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் பதிவுகள், தீர்ந்துபோயிருந்தன. ஒரு டைரக்டரிக்குள் ஸ்கிரிப்ட் வைத்து லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகளை உருவாக்கியிருந்தார். அது இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை போட்ட பார்ட்டிஷன். அதில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும், அதனால் அதில் இந்தத் தொல்லை குறைவு. செய்தி ஒன்று, காரணம் இரண்டு. இந்த ஜோடியை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன், ஒரே மதியத்தில் இரண்டையும் செய்து பார்த்துவிடலாம்.

எஸ்இலினக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ப்ராசஸ், கோப்பு, போர்ட் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டி, எது எதைத் தொடலாம் என்று ஒரு கொள்கைப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு அது. நிறைய பேர் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

அண்ணன் வெப் சர்வரான அப்பாச்சியின் போர்ட்டை 82 என்று மாற்றி வைத்திருந்தார். சர்வீஸ் எழவில்லை. சர்வீஸின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது. ரூட்டாகத்தான் தொடங்குகிறோம், 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட்டுக்கு யார் அனுமதி மறுக்க முடியும்? அந்தக் கேள்வி மனதில் எழுந்தாலே பாதிக் கோளாறு தெரிந்த மாதிரிதான். ஏயூசெர்ச் கட்டளையில் ஏவிசி பதிவுகளை (எஸ்இலினக்ஸ் மறுத்தவற்றின் பதிவு) கேட்டால், எந்த ப்ராசஸ், எந்த லேபிள், எதைத் தொட முயன்றது என்று வரி வரியாக எழுதியிருக்கும். வெப் சர்வருக்கு என்று கொள்கையில் ஒதுக்கிய போர்ட்களில் 80, 443 போன்றவை உண்டு, 82 இல்லை. செமேனேஜ் கட்டளையால் சேர்த்ததும் சர்வீஸ் எழுந்தது. பக்கத்து மெஷினிலிருந்து திறந்தால் அப்போதும் வரவில்லை, ஃபயர்வாலில் 82 திறக்கவில்லை. அதையும் திறந்த பிறகு 403 பிழை, அதாவது பக்கத்தைப் பார்க்க அனுமதி இல்லை. ரூட்டின் ஹோம் டைரக்டரியில் உருவாக்கிய பக்கத்தை எம்வி (நகர்த்தல்) செய்து கொண்டுவந்து வைத்திருந்தார். எம்வி பழைய லேபிளோடு கொண்டுவரும். சிபி (நகல்) செய்திருந்தால் போய்ச் சேரும் இடத்தின் லேபிள் வந்திருக்கும். எல்எஸ் -இசட் போட்டுப் பார்த்தால் தெரியும், லேபிளைத் திருத்தும் ரெஸ்டோர்கான் ஓட்டினால் சரியாகும்.

ஒரே பக்கம் திறக்காததற்கு மூன்று காரணங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. இதுதான் நிஜ வேலையில் வருவது. செட்என்ஃபோர்ஸ் 0 என்று அடித்து எஸ்இலினக்ஸின் தடையை அணைத்துவிட்டு நகர்கிற பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணம் எஸ்இலினக்ஸ்தானா என்று உறுதிசெய்ய ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்கலாம், உடனே திருப்பிப் போட்டுவிட வேண்டும். அணைத்தே வைப்பது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு நன்றாகத் திறக்கிறது என்பது போல.

மூன்றாவது வகை, பூட் ஆகாத மெஷின். பூட்டின்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில், ஒரு யூயூஐடியில் (டிஸ்க்கின் அடையாள எண்) ஒரே ஓர் எழுத்தை மாற்றி, கூடவே ரூட் பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார். பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து, பிறகு எமர்ஜென்சி மோடில் போய் நின்று பாஸ்வேர்டு கேட்டது. ஆக, முதலில் பாஸ்வேர்டு. பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் இ அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் பூட்டைப் பாதியில் நிறுத்தும் ஆர்டி.பிரேக் சேர்த்து பூட் செய்தேன். சிஸ்ரூட்டை (அசல் சிஸ்டம் அங்கேதான் இணைந்திருக்கும்) எழுதும்படி ரீமவுண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு ரூட் டைரக்டரியில் அடுத்த பூட்டில் லேபிள்களைத் திருத்தச் சொல்லும் ஆட்டோரீலேபிள் என்ற காலிக் கோப்பு. பெயருக்கு முன்னால் புள்ளி உண்டு, மறக்க வேண்டாம். பலர் இந்தக் கடைசிப் படியை ஏன் என்று தெரியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எஸ்இலினக்ஸ் கொள்கை இன்னும் ஏற்றப்படவில்லை, அதனால் புதிதாக எழுதப்படும், பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பு சரியான லேபிள் இல்லாமல் நிற்கும். அப்படியே விட்டால் சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் லாகின் ஆகாது. காரணம் தெரிந்தால் படி மறக்காது.

உள்ளே போனதும், பூட் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி, எது மவுண்ட் ஆகவில்லை என்று சொல்லிவிட்டது. எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும் யூயூஐடியோடு ஒப்பிட்டதும் பிடிபட்டது. எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை, அப்புறம் மவுண்ட் -ஏ. இந்த இரண்டும் ஓடாமல் ரீபூட் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மேன் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. கோப்பு வடிவங்களுக்கு 5-ஆம் பிரிவு என்பது அப்போதே இருந்தது, இன்றும் அதே எண்தான். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்ட உதவும் க்ரான்டேப் என்று மட்டும் கேட்டால் கட்டளையைப் பற்றிய 1-ஆம் பிரிவு வரும். நிமிடம், மணி, தேதி எந்த வரிசை என்று தெரிய 5-ஆம் பிரிவைக் கேட்க வேண்டும். செமேனேஜ்-எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்தின் அடியில் வெப் டைரக்டரிக்கான உதாரணம் அப்படியே இருக்கிறது. நெட்வொர்க்கை அமைக்கும் என்எம்சிஎல்ஐ-க்கு உதாரணங்களுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தெரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதினேன். அவர்கள் தரும் இமேஜை பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்ய வேண்டும். வயர் உள்ள வெளி வெப்கேம் வாங்கினேன். இயந்திரம் ஒத்துவருமா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்யுங்கள். கண்காணிப்பாளருக்கு மேசை, சுவர், மேசைக்கு அடியில் என்று அறை முழுவதையும் காட்டச் சொன்னார்கள். எங்கள் பகுதியில் மின்வெட்டு உண்டு என்பதால் ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டிருந்தேன்.

முதலில் எல்லாப் பணிகளையும் ஒரு முறை படித்தேன், ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கலாம். பிறகு சில பணிகள் முடிந்ததும் ஒரு ரீபூட், மீண்டும் சில பணிகள், மீண்டும் ரீபூட். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே ரீபூட் செய்தால், எழாமல் போனால் எது கெடுத்தது என்று தேடவே நேரம் போய்விடும். கடைசி அரை மணி நேரத்தைப் புதிதாக எதையும் தொடாமல் சரிபார்க்க மட்டும் வைத்திருந்தேன். சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா, ஃபயர்வால் விதி பெர்மனென்டாக இருக்கிறதா, எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் இருக்கிறதா, ஐபி முகவரி தானாக வருகிறதா. கன்டெய்னரை (தனியாகப் பொதிந்து ஓட்டும் செயலி) சாதாரண யூசரின் கீழ் சர்வீஸாக ஓட்டினால் அந்த யூசருக்கு லிங்கர் என்ற அமைப்பை இயக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த யூசர் லாகின் செய்யாதவரை அது எழாது. கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான பாட்மேன் பழகுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது, தேர்ச்சி. பாடப்பகுதி வாரியாகச் சதவீதம் மட்டும் தருகிறார்கள், எந்தப் பணியில் எவ்வளவு குறைந்தது என்று சொல்வதில்லை. சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் இஎக்ஸ்294 எழுதலாம் என்று இருக்கிறேன், அது பல இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான அன்சிபிளில் 4 மணி நேரத் தேர்வு. பழைய இரண்டு விர்ச்சுவல் மெஷின்களோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தாகிவிட்டது. அண்ணன் இந்த வாரம் தொலைவிலிருந்து லாகின் செய்யப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளின் அனுமதிகளில் கைவைத்திருக்கிறார்.