எலியட்ஸ் கடற்கரையில் நூற்றிருபது டம்ளர்கள்

2025 பிப்ரவரி 7, வெள்ளி இரவு

ஆண்டில் ஒரு வார இறுதியையேனும் ஒவ்வொருவரும் ஓடாமல் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஓட்டக் குழுவின் வழக்கம். முழங்கால் வலி, உறவினர் திருமணம், அலுவலக வேலை என்று மூன்று ஆண்டுகளாகத் தப்பித்துவந்த என் தலையில் இம்முறை தண்ணீர் மேசை விழுந்துவிட்டது. நாளை காலை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கலந்துகொள்ளக்கூடிய 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்கள். அவை முடிந்ததும் கடற்கரைத் துப்புரவு. ஞாயிறன்று ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகளுக்கு 2 கிலோமீட்டர் ஓட்டம்.

இதுவரை 160 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் தண்ணீர்ப் பாக்கெட்டும் உண்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் உண்டு; ஆகையால் அடையாற்றில் ஒரு பாத்திர வாடகைக் கடையில் 120 எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவந்தேன். குடிப்பதற்கு நான்கைந்து கேன் போதும் என்று நான் போட்டிருந்த கணக்கைப் பார்த்து, முன்பு இந்த மேசையில் நின்ற அக்கா ஒருவர் சிரித்துவிட்டு, 20 லிட்டர் கேன் பன்னிரண்டு சொல்லிவைத்தார். டம்ளர் கழுவுவதற்குத்தான் தண்ணீர் அதிகம் செலவாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 8, சனி

அதிகாலை நாலரை மணிக்கு ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே மேசைகளைப் போட்டோம். 1930 டிசம்பரில் இந்தக் கடலில் பிறரைக் காக்கப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டு மாலுமிக்கு எழுப்பப்பட்ட சின்னம் அது. பல ஆண்டுகளாக அதைச் சுற்றியே கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாலும், யாருடையது என்று இன்றுதான் ஒரு புதிய உறுப்பினர் என்னைக் கேட்டார். நாங்கள் மேசை போட்ட அதே நேரத்தில், நீலாங்கரையிலிருந்து இரவெல்லாம் மணலில் நடந்துவந்த ஆமைப் பாதுகாப்பு மாணவர்கள் தங்கள் நடையை முடித்துக்கொண்டிருந்தார்கள். 1988 முதல் ஆமைகள் கரையேறும் பருவந்தோறும் மாணவர்கள் இந்த நடையை நடந்துவருகிறார்கள். அவர்கள் முகத்தில் தூக்கமின்மையைவிடக் கனமான ஒன்று இருந்தது. அதன் காரணம் பிறகு விளங்கியது.

ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. சென்னையில் விடியலுக்கு முன் ஓடுவது குளிர்ச்சிக்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வெப்பநிலை அப்போதுதான் குறைவு என்பது உண்மையே. ஆனால் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான் என்பதால், வியர்வை உலராமல் உடம்பிலேயே வழிந்து நிற்கும், உடம்பும் சூடு தணியாமல் தவிக்கும். ஆகவேதான் 10 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் வைத்திருந்தோம்.

அந்தக் கரைசலில்தான் நான் சறுக்கினேன். முதல் டிரம்மில் ஒரு லிட்டர் பொட்டலங்கள் இருபதை இருபது லிட்டர் தண்ணீரில் கலந்தேன், அது சரி. இரண்டாவது டிரம்முக்கு நான் பிரித்த பொட்டலங்கள் 200 மில்லிக்கானவை என்பதை இருட்டில் கவனிக்காமல், அவற்றிலும் இருபதையே கொட்டிவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 20.5 கிராம் இருக்க வேண்டிய கலவை, ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஓய்வுபெற்ற செவிலியரான எங்கள் மூத்த உறுப்பினர் ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, "கண்ணீரைவிட உப்பா இருக்கக் கூடாது தம்பி, சரிதான், ஆனா இதுல கண்ணீரே இல்லையே" என்றார். மாறாக, லிட்டர் பொட்டலத்தை 200 மில்லியில் கரைத்திருந்தால் அது உடலிலிருந்து நீரை இழுத்து வயிற்றைக் கெடுத்திருக்கும். நான் செய்த தவறு அந்த அளவில் பாதகமில்லாதது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பார்வையற்ற ஓட்டக்காரர் ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினார். அவர் மணிக்கட்டையும் துணை ஓட்டக்காரரின் மணிக்கட்டையும் ஒரு சிறு கயிற்று வளையம் இணைத்திருந்தது. "மூணு எட்டுல மேடு", "இடப்பக்கம் ஆள்" என்று துணைவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். மற்றவர்களுக்கு நீட்டுவதுபோலவே அவருக்கும் டம்ளரை நீட்டிக்கொண்டு நான் மரம்போல் நின்றேன். துணைவர்தான் டம்ளரின் விளிம்பை அவருடைய புறங்கையில் தொட்டுவைக்கச் சொன்னார். அப்படித் தொட்ட கணத்தில் கை திரும்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அதை வாங்கிக்கொண்டது.

முதலில் வந்தவர்கள் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். நானும் மூன்று ஆண்டுகளாக அதையே செய்திருக்கிறேன். ஏழே கால் மணிக்கு, வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு, 10 கிலோமீட்டரின் கடைசி ஆளாக அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் கடைசி ஆளோடு துணைக்கு வரும் ஸ்வீப் பணியில் இருந்தவரோடு நடந்து வந்து சேர்ந்தார். அந்தத் தூரத்தை அவர் கடப்பது அதுவே முதல் முறை. அப்போது நல்ல டிரம் காலி. மிச்சம் இருந்தது நான் கெடுத்த டிரம்மின் அடியும், கழுவுவதற்கு ஒதுக்கிய கேனும்தான். கழுவும் தண்ணீரும் குடிதண்ணீர்தான் என்றாலும், அந்த டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைத் தலையில் ஊற்றிக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்குத் துப்புரவு. எங்கள் குழுவின் புகைப்பட மோகத்தைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு: முதல் சாக்கு பாதி நிரம்புவதற்குள் பத்துப் படங்கள் எடுக்கப்பட்டுவிடும். இன்று அந்தக் கேமராக்கள் தாமாகவே கீழே இறங்கின. அலை ஒதுக்கிய வரிசையில் பங்குனி ஆமை ஒன்று, கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி இறந்து கிடந்தது; இருநூறு தப்படி தள்ளி இன்னொன்று. சென்ற மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரையில் இவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கிவருகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால், கடலிலேயே வளர்ந்த அந்த உயிர் கடலிலேயே மூழ்கிச் சாகிறது. தொடாமல் சுற்றிலும் குச்சி நட்டு, வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். மேல்மணலில் முட்டைக்குழிகள் இருக்கக்கூடும் என்பதால் மண்வாரியைக் கட்டிவைத்துவிட்டுக் கையாலேயே பொறுக்கினோம். அறுந்த வலைத் துண்டுகள், தெர்மாகோல், ஒற்றைச் செருப்புகள், பூசைக்குக் கொண்டுவந்து விட்டுச்சென்ற துணி, மருந்துக் குப்பிகள்: சாக்குகள் பதினான்கு.

அவற்றைச் சாலையோரம் அடுக்கிவிட்டுப் பெருமையோடு நின்றபோது, அங்கே தினமும் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா சொன்னார்: "நீங்க கட்டி வெச்சிட்டுப் போயிடுவீங்க சார். வண்டி நாளைக்குத்தான் வரும். ராத்திரி நாய் கிழிச்சா மறுபடி நான்தான் பொறுக்கணும்." இத்தனை முறை துப்புரவு நடத்தியும் இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. உறுப்பினர் ஒருவரின் சிறிய சரக்கு வண்டியை வரவழைத்து, அவர் காட்டிய சேகரிப்பு இடத்துக்கே சாக்குகளைக் கொண்டுசேர்க்க மேலும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. படம் எடுக்க அப்போது யாரும் மிச்சம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

குப்பத்திலிருந்து அடையாற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலம் வரை ஓடித் திரும்ப வேண்டும். 1977-இல் ஆற்று வெள்ளம் நடுவில் தின்றுவிட்ட அந்தப் பாலத்தின் நிழலில் திருப்பம் வைத்திருந்தோம். பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். கொடியசைக்கும் முன்பே பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். காலணிகள் வாங்கித் தரலாம் என்று சென்ற கூட்டத்தில் எழுந்த யோசனையை நான் எதிர்த்திருந்தேன். கால் அளவு பார்க்காமல் மொத்தமாக வாங்கும் காலணி, வெறுங்காலைவிட மோசமானது. இன்று அதற்குச் சாட்சியும் கிடைத்தது. விலையுயர்ந்த காலணியோடு காய்ந்த மணலில் தடுமாறிக்கொண்டிருந்த எங்கள் பயிற்சியாளரிடம் ஒரு பையன், "அண்ணா, அங்க கால் புதையும். அலை நனைச்ச மண்ணுல வாங்க" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் போய்விட்டான்.

இம்முறை மேசையை நான் வேறு விதமாக வைத்திருந்தேன். இருபது டம்ளர்களை நிரப்பி, ஈரத் துணியால் மூடி, மேசைக்கு அடியில் தனியே ஒதுக்கினேன். கால் வலிக்கிறதென்று பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட ஆறு வயதுப் பெண்ணை மீன் விற்கும் அவள் பாட்டி கூடையை வைத்துவிட்டுப் போய்க் கைப்பிடித்துக் கூட்டிவந்தபோது, மேசைமேல் ஒன்றுமில்லை. அடியில் ஒன்பது டம்ளர்கள் இருந்தன. பாட்டியும் ஒன்று வாங்கிக் குடித்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

அலுவலகத்துக்குப் போகும் வழியில் டம்ளர்களைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அடுக்கடுக்காக எண்ணி, 117 என்றார். மூன்றுக்கும் முன்பணத்தில் கழித்துக்கொண்டார். இரண்டு எப்படிப் போயினவென்று தெரியவில்லை. மூன்றாவதை நேற்று ஒரு சிறுவனின் கையில் பார்த்தேன். கடல்நீரும் இரண்டு சிறு நண்டுகளும் நிரம்பியிருந்த அதைத் தன் தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கேட்டு வாங்கவில்லை. குழுவின் கணக்குப் புத்தகத்தில் "டம்ளர் இழப்பு: 3" என்று எழுதி, அதற்குக் கீழே, அடுத்த முறை மேசைக்கு வருபவருக்காக, பொட்டலத்தின் அளவை விளக்கு வெளிச்சத்தில் படித்த பிறகே பிரிக்கவும் என்றும், இருபது டம்ளர்களை அடியில் வைக்கவும் என்றும் குறித்துவைத்தேன்.