வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் புழு ஏன் உடனே சாவதில்லை?

நிலக்கடலையில் இலை தின்னும் புரோடீனியா புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால், புழு உயிரோடுதான் இருக்கும். உடனே கடைக்கு ஓடி வேறு மருந்து வாங்கிவிடாதீர்கள். கரைசல் கைவைப்பது புழுவின் ஹார்மோனில். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

நம் உடம்பு கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டீரால் வகைப் பொருள்களின் நான்கு வளையங்களைக் கட்டும் நொதிகளே அவற்றிடம் கிடையாது. செல் சவ்வுக்கும் ஹார்மோனுக்கும் வேண்டிய ஸ்டீராலை இரையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இலையில் அதிகம் இருப்பது 29 கார்பன் கொண்ட சிட்டோஸ்டீரால். இலை தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை அதன் பக்கச் சங்கிலியில் 2 கார்பனைக் கழித்து, 27 கார்பன் உள்ள கொலஸ்ட்ராலாக்கி, அதிலிருந்து எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் செய்கின்றன. இது உரிய நேரத்தில் ஏறினால்தான் தோலுரிப்பு நடக்கும். இத்தனைக்கும் அதன் அளவு மிகச் சொற்பம்: 1954ல் விஞ்ஞானிகள் புட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 25 மில்லிகிராம்!

வேப்பங்கொட்டையில் வேலை செய்யும் பொருளான அசாடிராக்டின் ஸ்டீராய்டு அல்ல. ஆனால் செடி ஸ்டீரால் செய்யும் அதே ஸ்குவாலீன் என்ற மூலப்பொருளிலிருந்துதான் அதுவும் உருவாகிறது. எக்டைசோனைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவை அது குலைக்கிறது. புழு தின்பதைக் குறைக்கும். பிறகு பழைய தோல் பாதியில் சிக்கி, கழற்ற முடியாமல் சாகும். அதனால்தான் இளம்புழுக்கள் கூட்டமாக இலையின் அடியில் பச்சையம் சுரண்டும்போதே அடிக்க வேண்டும். முற்றிய புழுவுக்கு அடித்துப் பெரிய பலன் இல்லை.

100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. எண்ணெய் கக்குமளவு அரைக்காமல் பக்குவமாக இடித்து, 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் காதி சோப்பைத் தனியே கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும்.

கெடுவது பெரும்பாலும் கொட்டையில்தான். நிழலில் உலர்த்தியதாக, 8 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். கொதிநீர் ஊற்றினாலும், சலவைத்தூளை அள்ளிப்போட்டுக் காரத்தன்மை ஏறினாலும் அசாடிராக்டின் சிதையும். வெயிலிலும் சிதையும் என்பதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். வடித்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

அடித்த பிறகு செத்த புழுவைத் தேட வேண்டாம். புதுத் துளிர் சுரண்டப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.