புரதமா, ஒட்டி வந்த அழுக்கா? – ஓர் ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3, 2025 – திங்கள்

புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை விளக்குப் பலகையின் மேல் வைத்தேன். ஒரே ஒரு நீலப் பட்டை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அதாவது வேறு புரதம் எதுவும் கலக்கவில்லை. மூன்று வாரமாக இந்த ஒற்றைப் பட்டைக்காகத்தான் காத்துக் கிடந்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். (எங்கள் குழுவில் மூத்த ஆய்வாளர் அவர். முதல் நாளிலிருந்தே எனக்கு அக்கா.) குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பட்டை அழகாக இருக்கிறது. வியாழக்கிழமை செல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்" என்றார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புரதத்தின் பெயர் சாக்-ஏ. என்டெரோகாக்கஸ் ஃபேசியம் என்ற குடல் பாக்டீரியா தனக்கு வெளியே சுரந்துவிடும் நொதி இது. பாக்டீரியாவின் செல் சுவரை நறுக்குவதுதான் இதன் வேலை. நறுக்கும்போது சிதறுகிற சிறு துண்டுகளை நம் உடலின் காவல் செல்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. அந்தச் செல்களுக்குள் நாட்-2 என்று ஓர் உணரி இருக்கிறது. துண்டு வந்து சேர்ந்தால் அது விழித்துக்கொள்ளும்.

2021-இல் ஹோவர்ட் ஹாங் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்கு, டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் பூட்டைத் திறந்துவிடும் மருந்தோடு சில என்டெரோகாக்கஸ் இனங்களையும் கொடுத்தபோது மருந்து நன்றாக வேலை செய்தது. நெருங்கிய உறவான ஃபேகாலிஸ் இனத்தைக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. அதே ஃபேகாலிஸுக்குள் சாக்-ஏ மரபணுவை நுழைத்ததும் அதுவும் உதவத் தொடங்கியது. நாட்-2 இல்லாத எலிகளில் அந்த உதவி கிடைக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் புரதங்கள் உள்ள ஓர் உயிரியில் ஒன்றே ஒன்றைக் காட்டி 'இதுதான்' என்று சொல்ல முடிந்திருக்கிறது. அன்று அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 6 – வியாழன்

தட்டில் நான்கு வரிசைகள். எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த டென்ட்ரைடிக் செல்கள் (காவல் செல்களில் ஒரு வகை) எல்லாவற்றிலும் இருந்தன. முதல் வரிசையில் வெறும் கரைசல். இரண்டாவதில் செல் சுவர்த் துகள் மட்டும். மூன்றாவதில் செல் சுவரோடு சாக்-ஏ. நான்காவதில் செல் சுவரோடு முடமாக்கிய சாக்-ஏ. வெட்டும் இடத்தில் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தை அலனைன் என்ற இன்னொன்றாக மாற்றிவிட்டால் அந்தப் புரதத்தால் எதையும் நறுக்க முடியாது. மற்றபடி உருவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

செல்கள் விழித்துக்கொண்டால் ஐ.எல்.-6 என்ற செய்தி மூலக்கூறைச் சுரக்கும். எலைசா சோதனையில் அது மஞ்சளாகத் தெரியும்.

முதல் வரிசையில் நிறமில்லை. இரண்டாவது லேசான மஞ்சள். மூன்றாவது அடர்மஞ்சள். மூச்சை இழுத்துக்கொண்டு நான்காவதைப் பார்த்தேன். அதுவும் அதே அடர்மஞ்சள்.

நறுக்க முடியாத புரதமும் செல்களை அதே அளவுக்கு எழுப்பியிருக்கிறது. அப்படியென்றால் எழுப்பியது சாக்-ஏ இல்லை.

மார்ச் 7 – வெள்ளி

சரியாகத் தூங்கவில்லை. காலையிலேயே இரண்டு புரதங்களையும் கொதிக்க வைத்துச் செல்களுக்குக் கொடுத்தேன். கொதித்த நொதி செத்த நொதி. ஆனாலும் மஞ்சள் குறையவில்லை.

"சூட்டுக்கு அசையாத பொருள் என்றால் எண்டோடாக்சின்தான்" என்றார் அக்கா. குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அவர் கையிலும் இது நடந்திருக்கிறதாம்.

சாக்-ஏவை நாங்கள் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் தயாரிக்கிறோம். ஈ. கோலையின் வெளிச்சவ்வு முழுக்க லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள், அதாவது எண்டோடாக்சின். பாக்டீரியாவை உடைக்கும்போது அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஜெல்லில் நாம் ஏற்றும் சாயம் புரதத்தைத்தான் பிடிக்கும், எண்டோடாக்சினைப் பிடிக்காது. திங்கட்கிழமை நான் கொண்டாடிய ஒற்றைப் பட்டையைச் சுற்றி அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. டென்ட்ரைடிக் செல்களோ டி.எல்.ஆர்.-4 என்ற உணரியால் அதை மிகச் சிறிய அளவிலேயே மோப்பம் பிடித்துவிடும்.

மாலையில், எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி மருந்தைச் சேர்த்துப் பார்த்தேன். மஞ்சள் வெகுவாகக் குறைந்தது. இனி சந்தேகமில்லை.

மார்ச் 11 – செவ்வாய்

இரண்டு நாளாக மனம் வில்லியம் கோலியைச் சுற்றியே வருகிறது. 1891-இல் நியூயார்க்கில், அறுவை சிகிச்சையால் தீராத புற்றுக்கட்டி நோயாளிக்கு உயிருள்ள ஸ்டிரெப்டோகாக்கஸை ஊசியில் செலுத்திய மருத்துவர் அவர். பிறகு சூட்டில் கொன்ற இரண்டு பாக்டீரியாக்களின் கலவையைப் பயன்படுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறியது. கலவையில் எது வேலை செய்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் யாராலும் முடியவில்லை. அந்த இரண்டில் ஒன்றான செராட்டியா, எண்டோடாக்சின் உள்ள இனம். என் சோதனைக்குழாயில் இருந்ததும் அதே வகைப் பொருள்தான். நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து, எது வேலை செய்கிறது என்ற அதே கேள்வியோடு நான் நிற்கிறேன். ஆனால் அவருக்கு இல்லாத கருவிகள் எனக்கு இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் 'வேலை செய்கிறது' என்று எழுதினால் அது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம்.

'பாக்டீரியாவையே கொடுத்துவிட்டுப் போகலாமே, புரதத்தைத் தனியாகப் பிரிப்பானேன்?' என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. ஃபேசியம் இனத்தில் மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்கும் வகைகள் இருக்கின்றன. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காதவை அவற்றில் உண்டு. ஏற்கெனவே தளர்ந்துபோன உடம்புக்குள் அதன் உறவுக்காரனை உயிரோடு அனுப்ப எனக்கு மனம் வராது. 2021 ஆய்விலேயே சாக்-ஏவைச் சாதுவான லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். செயற்கையாகத் தயாரித்த சுவர்த் துண்டுகளைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலிகளில் இரண்டு வழியும் பலன் தந்தன.

இன்னொன்றும் உண்டு. குடலில் உள்ள புரதமெல்லாம் நம் பக்கம் நிற்பதில்லை. ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள ஃபேப்-2 புரதம் நம் கொல்லி செல்களின் டிஜிட் என்ற தடையை அழுத்திப் பிடித்து அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. கட்டிக்கு அது கவசம். ஒரே குடலுக்குள் இரண்டு தரப்பும் குடியிருக்கும்போது, 'குடல் பாக்டீரியா நல்லது' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 14 – வெள்ளி

இரவு சித்தப்பா போன் செய்தார். சிறுநீரகப் புற்றுநோய். அடுத்த மாதம் பி.டி.-1 மருந்து தொடங்குகிறார்கள். டி செல்களின் பூட்டைத் திறக்கும் வகைதான் அது.

"நீ குடல் பாக்டீரியாவில்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? புரோபயாட்டிக் மாத்திரை என்று விற்கிறார்களே, வாங்கிச் சாப்பிடட்டுமா?"

"வேண்டாம் சித்தப்பா. டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்."

காரணம் கேட்டார். அவருக்குக் காரணம் சொல்லியே ஆகவேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வைச் சொன்னேன். நாளுக்கு 20 கிராமாவது நார்ச்சத்து உண்டவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் நீண்டிருந்தது. நார்ச்சத்து உண்டு, புரோபயாட்டிக் எடுக்காதவர்களே மற்றெல்லாரையும்விட நன்றாக இருந்தார்கள். அதே ஆய்வில் புரோபயாட்டிக் கொடுத்த எலிகளுக்கு மருந்தின் பலன் குறைந்தது. ஆன்டிபயாட்டிக் பற்றியும் சொன்னேன். இந்த வகை மருந்து தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்திருந்ததைப் பாரிஸ் குழு 2018-இல் காட்டியது. அதில் சிறுநீரகப் புற்றுநோயாளிகளும் இருந்தார்கள்.

"அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மறுத்துவிடவா?"

"ஐயோ, கூடாது. தொற்று வந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் கட்டாயம் சாப்பிடுங்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் மருந்து எப்போது வரும்?" என்றார். அது மருந்தே இல்லை, ஒரு தட்டில் நான்கு வரிசை மஞ்சள் என்று எப்படிச் சொல்வது? "நாளாகும் சித்தப்பா" என்றேன். "சரிப்பா, நிதானமாகவே செய், ஆனால் சரியாகச் செய்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மார்ச் 20 – வியாழன்

காலை முழுக்க டிரைட்டான் எக்ஸ்-114. இந்த டிடர்ஜென்டின் குணம் விசித்திரமானது. புரதக் கரைசலில் சேர்த்துப் பனிக்கட்டியில் வைத்தால் குழாய் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். வெதுவெதுப்பான நீரில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பால்போலக் கலங்கும். சுழற்றியில் போட்டு எடுத்தால் அடியில் ஒரு சிறு எண்ணெய்த் துளி. எண்டோடாக்சின் அந்தத் துளிக்குள் போய்விடும், புரதம் மேல் நீரில் தங்கிவிடும். துளி கலங்கிவிடாமல் மேல் நீரை மட்டும் உறிஞ்ச வேண்டும். முதல் தடவை கை நடுங்கிக் கொஞ்சம் கலந்துவிட்டது. மறுபடியும் பனிக்கட்டி, மறுபடியும் வெந்நீர்.

ஐந்து சுற்று முடித்தேன். மிச்சமிருக்கும் டிடர்ஜென்ட் செல்களைக் கொன்றுவிடும் என்பதால் அதை உறிஞ்சும் மணிகளோடு இரவு முழுக்கச் சுழலவிட்டிருக்கிறேன்.

மார்ச் 23 – ஞாயிறு

குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு பொருள், எண்டோடாக்சின் பட்டதும் உறைந்துவிடும். குழாயில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உறைந்த கட்டி அடியோடு ஒட்டி நின்றால் அழுக்கு இருக்கிறது. வழிந்தால் சோதனையின் வரம்புக்குக் கீழே போய்விட்டது. இடையில் குழாயைத் தட்டிவிட்டால் கட்டி உடைந்து பொய்யான பதில் வரும். அந்த ஒரு மணி நேரமும் மேசைப் பக்கமே போகவில்லை.

எண்டோடாக்சின் சேர்த்த குழாய்: கட்டி நின்றது. பழைய சாக்-ஏ: நின்றது. புதிய சாக்-ஏ: சுவரோரமாக மெதுவாக வழிந்தது. முடமாக்கிய சாக்-ஏவும் வழிந்தது. புதிய சாக்-ஏவோடு எண்டோடாக்சினை வேண்டுமென்றே சேர்த்த குழாய் நின்றது. புரதமே சோதனையைக் கெடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மார்ச் 31 – திங்கள்

அதே நான்கு வரிசை. நான்காவது வரிசை இப்போது இரண்டாவதைப் போல லேசான மஞ்சளோடு நிற்கிறது. மூன்றாவதில் நிறம் கூடுதல், ஆனால் மார்ச் 6 அன்று கண்ட அடர்த்தி இல்லை. பார்வைக்குச் சுமாரான தட்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த சோதனையில் எந்தக் குழாயில் எது இருக்கிறது என்பது எனக்குத் தெரியக் கூடாது. அவர் எண்ணிட்டுக் கொடுப்பார், விடை உறைக்குள் இருக்கும்.

ஏப்ரல் 9 – புதன்

இந்த முறை டென்ட்ரைடிக் செல்கள் இல்லை. நாட்-2 விழித்தால் மட்டும் ஒரு நொதியைச் சுரந்து, இளஞ்சிவப்புத் திரவத்தை நீலமாக்கும்படி மாற்றியமைத்த செல்கள். பக்கத்துத் தட்டில் நாட்-2 இல்லாத அதே செல்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை குழாய்கள்.

காலை ஏழரைக்கு எடுத்துப் பார்த்தேன். நாட்-2 உள்ள தட்டில் 2-உம் 5-உம் நீலம். மற்ற நான்கும் இளஞ்சிவப்பு. நாட்-2 இல்லாத தட்டில் ஒரு குழிகூட மாறவில்லை. முதலில் நோட்டில் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

உறையைப் பிரித்தார். ஐந்து, தயார்நிலையில் வாங்கிய சுவர்த் துண்டு. அது நீலமாகத்தான் ஆக வேண்டும். இரண்டு, செல் சுவரோடு சாக்-ஏ. செல் சுவர் இல்லாத சாக்-ஏ நான்கில் இருந்தது, முடமாக்கிய சாக்-ஏ ஆறில்.

அக்கா என் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். "புதிதாக இன்னொரு தயாரிப்பு வைத்துத் திரும்பச் செய்" என்றார்.

ஈ. கோலைக் குடுவையை மதியமே ஆட்டியில் வைத்துவிட்டேன். சித்தப்பாவுக்கு நாளை மறுநாள் முதல் ஊசி.