நாஷ்வில்லில் ஒரு மவுத் ஆர்கன்காரரைத் தேடி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், பிராட்வே தெருவில் பகலிலேயே கச்சேரி ஆரம்பித்துவிடுகிறது. பாருக்கு பார் கிடார் சத்தம். நான் தேடி வந்ததோ, மவுத் ஆர்கன் வாசித்த கறுப்பினக் கலைஞர் டீஃபோர்ட் பெய்லியை.

அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு மரபான கன்ட்ரி இசையின் பெரிய கலைஞர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே ஒரு வட்டக் கூடம். சுவரைச் சுற்றி வெண்கலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பெய்லியைக் கண்டுபிடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அவரை இங்கே சேர்த்தது 2005இல். அவர் இறந்தது 1982இல்.

1927 டிசம்பர், ஒரு சனிக்கிழமை இரவு. டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் மேல்நாட்டுச் செவ்வியல் இசை முடிந்து, கிராமத்துப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. முதல் ஆள் பெய்லி. பான் அமெரிக்கன் என்ற ரயிலை மவுத் ஆர்கனிலேயே ஓட்டிக் காட்டினார். அவர் முடித்த கையோடு, 'இதுவரை கேட்டது கிராண்ட் ஆபரா, இனி கிராண்ட் ஓல் ஆப்ரி' என்கிற மாதிரி அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கன்ட்ரி பாடகர்கள் இன்றும் கோயிலாக நினைக்கும் மேடைக்குப் பெயர் பிறந்தது, ஓர் அடிமையின் பேரன் ஊதிய ரயிலுக்குப் பின்னால்தான்.

வெள்ளைக்காரக் கலைஞர்களோடு அவரும் ஊர் ஊராகப் போனார். மேடையில் கைதட்டல். இறங்கினால் பல ஓட்டல்களில் சாப்பாடும் இல்லை, படுக்க இடமும் இல்லை. 1941இல் நிகழ்ச்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அப்புறம் பல வருடம் இதே ஊரில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அதே கூடத்தில் இன்னொரு கறுப்பினக் கலைஞர், பாடகர் சார்லி பிரைடும் இருக்கிறார். 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது போட்டோ வைக்கவில்லை. முகம் தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். ஐந்தே வருடத்தில், 1971இல், கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த கலைஞர் விருது அவருக்குத்தான். சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி ஒரு கறுப்பினக் கலைஞருக்கு முதல்முறையாகக் கிடைத்ததோ 2025இல், பாடகி பியான்சேக்கு. கன்ட்ரிக்குக் கறுப்பினத்தவர்கள் புதிதாக வந்தவர்கள் என்று பேசுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. இந்த இசைக்கு அடையாளமான பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமே, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்ததுதானே!

ராத்திரி அறைக்குத் திரும்பி, பெய்லியின் பழைய பதிவை இயர்போனில் கேட்டேன். முதலில் மெதுவாக மூச்சு வாங்குகிற எஞ்சின். சக்கரம் வேகம் பிடிக்கிறது. விசில் நீளமாக எழுந்து வளைகிறது. மூன்று நிமிஷத்துக்குள் ரயில் கடந்து போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.