இரவில் எடுத்த ரத்தம்

எங்கள் பாட்டிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல வீங்கியிருந்தது. எண்பதுகளில் கும்பகோணத்தில் வளர்ந்தவர்களுக்கு அப்படியொரு யானைக்கால் புதிதல்ல. தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். ஆனாலும் கல்யாணப் பந்தியில் பாட்டிக்குப் பக்கத்து இலையில் உட்காரச் சிலர் தயங்கியதையும், அதைக் கவனித்துவிட்ட அவர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி எழுந்து போனதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் பயம் தவறான ஆளின்மேல் விழுந்திருந்தது என்பது ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். தூங்கிய பிள்ளைகளையும் எழுப்பி, விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, எண் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். நோயாளி என்று வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார் என்ற எண்ணத்தில் பாட்டி முதலில் விரலை நீட்டினார். சில நாள் கழித்து முடிவு வந்தபோது, பாட்டியின் ரத்தத்தில் ஒன்றுமில்லை. தலைவலி என்றுகூடப் படுத்தறியாத பெரியப்பாவின் ரத்தத்தில் புழு இருந்தது. "என்கிட்ட இல்லாத பூச்சி இவன்கிட்ட எப்படிடா வந்துது?" என்று பாட்டி கேட்டதற்கு அன்று வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

யானைக்கால் நோயை நம் ஊர்ப் பக்கம் உண்டாக்குவது உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. வளர்ந்த பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமும் நூலின் மெலிவும் கொண்டது. ஆண் அதில் பாதி. இவை நிணநீர் நாளங்களுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஐந்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்களை லட்சக்கணக்கில் ரத்தத்தில் விடுகின்றன. இந்தக் காலம் முழுவதும் மனிதருக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம். நாளடைவில் நாளங்கள் விரிந்து, அவற்றின் தடுக்கிதழ்கள் செயலிழந்து, நிணநீர் மேலே ஏறாமல் காலில் தேங்குகிறது. விரலிடுக்கு வெடிப்புகளின் வழியாகப் பாக்டீரியாக்கள் நுழைந்து, தொடையிடுக்கில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வருகிறது. அப்படி வந்து போகும் ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்கவைத்துவிட்டுப் போகிறது. கால் இந்த நிலைக்கு வரும்போது பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் இளம்புழுக்கள் இருப்பதில்லை. வீங்கிய கால் பழைய கணக்கு. நோயைப் பரப்பும் கொசுவுக்குப் புழுவைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பந்தியில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியப்பா.

இரவில் ஏன் வந்தார்கள் என்பது இதைவிடச் சுவையான கதை. 1877-ல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன், ரத்தத்தில் இளம்புழு உள்ள தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, பிறகு அக்கொசுக்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் உடலுக்குள் புழு வளர்வதைக் கண்டார். ஒரு நோய்க்கிருமி பூச்சிக்குள் வளர்கிறது என்று காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பகலில் மறைந்துவிடும் இளம்புழுக்கள் இரவில் திரளாக வெளிவருவதையும் அவர் கவனித்தார். பகலில் அவை எங்கே போகின்றன என்பதற்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகளாயின: காலை நேரத்தில் இறந்த நோயாளி ஒருவரை அறுத்துப் பார்த்தபோது அவை நுரையீரலின் நாளங்களில் கூட்டமாகத் தங்கியிருந்தன. மனிதர் பகலில் தூங்கி இரவில் விழிக்கப் பழகினால், சில நாட்களில் புழுவும் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது; 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி இதைச் செய்தே காட்டினார். நம் ஊர்ச் சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பதால் இங்கே புழு இரவில் வருகிறது. பகலில் கடிக்கும் கொசுக்கள் இந்நோயைப் பரப்பும் சமோவா முதலிய பசிபிக் தீவுகளில் இளம்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் இருக்கின்றன.

மேன்சனுக்கும் ஒரு இடத்தில் சறுக்கியது. கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகிறது என்று அவர் நம்பினார். புழு கொசுவின் உறிஞ்சுகுழல் வரை வந்து நிற்பதை 1900-ல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கண்ட பிறகே கடிதான் வழி என்று தெளிவாயிற்று. அதுவும் ஊசி போடுவதுபோல நேரே உள்ளே போவதில்லை. தோலின்மேல் விழும் புழு, கடித்த துளையைத் தேடி ஊர்ந்து நுழைய வேண்டும். கொசுவுக்குள் அது எண்ணிக்கையில் பெருகுவதும் இல்லை. அதனால்தான் ஊரைக் கடந்து போகிறவருக்கு இந்நோய் எளிதில் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே படுத்துறங்கிக் கடிபட்டவர்களுக்குத்தான் வருகிறது. திறந்த சாக்கடை உள்ள தெருவில் வீடு அமைவது யார் விருப்பம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுத்தார்கள். டை எத்தில் கார்பமசின் என்ற அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1947-ல் அதைப் பற்றிய செய்தி வெளியானது, அடுத்த ஆண்டே அவர் காலமானார். முதல் நாள் மாத்திரை விழுங்கிய இரவில் பெரியப்பாவுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. "நல்லா இருந்த மனுஷனைப் படுக்க வைச்சுட்டாங்க" என்று பெரியம்மா கோபப்பட்டார். மருந்தினால் இளம்புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது, அவற்றுக்குள் வாழும் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் கூறுகளும் சேர்ந்து ரத்தத்தில் கலப்பதால் வரும் காய்ச்சல் அது. உடம்பில் புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யாது. பின்னாளில் ஆண்டுக்கொருமுறை ஊர் முழுவதற்கும் இம்மாத்திரையை அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காதவர்கள் பலருக்கும் காரணமாக இருந்தது பக்கத்து வீட்டில் யாருக்கோ வந்த இந்தக் காய்ச்சல்தான். மருந்து வேலை செய்ததற்கான அடையாளமே மருந்தின்மீது பழியாக விழுந்தது.

ஆண்களுக்கு இதே புழுவால் வரும் ஓதத்தை, அதாவது விதைப்பை வீக்கத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கால் வீக்கத்தை மறைக்க முடியாது. ஓதத்தை வேட்டிக்குள் மறைத்துவிடலாம், அவ்வளவுதான். அறுவை சிகிச்சையில் சரியாகிவிடக்கூடிய ஒன்றைக் கூச்சத்தால் பல ஆண்டுகள் சுமந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாட்டிக்கு மாத்திரையால் பெரிய பயன் இருந்திருக்காது. அவருக்குத் தேவைப்பட்டது சோப்பும் தண்ணீரும்: தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்புக்கு மருந்து தடவி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் நெறிகட்டிக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். இதைச் சொல்லிக்கொடுத்த செவிலியர் ஒருவர் அவருடைய கடைசி ஐந்தாறு ஆண்டுகளில்தான் வந்து சேர்ந்தார். அதன்பின் மாலைதோறும் கிணற்றடியில் அமர்ந்து பாட்டி காலைக் கழுவுவார். கடைசியில் பழைய புடவைக் கிழிசலால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைப்பது பெரியப்பாவின் வேலையாக இருந்தது.